இடர்ப்பொழுதில் துணைநிற்றல்: நெறியும் அறமும்

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

வீட்டில் ஒருவர்க்குக் காய்ச்சல் கண்டால் செய்ய வேண்டுவது யாது என்பதை எல்லாரும் அறிவர். தீப்புண் பட்டாலும், பாம்பு தீண்டினாலும், எலும்பு முறிந்தாலும் முதலில் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பது ஓரளவு தெரிந்தே இருக்கிறது. ஆனால் அதே வீட்டில் ஒருவர் மனமுடைந்து, "இனி நான் எதற்காக இருக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டால், அருகிலிருப்பவர்க்கு நா எழுவதில்லை. சிலர் அதட்டுகின்றனர், சிலர் அறிவுரை கூறுகின்றனர், சிலர் பேச்சை மாற்றிவிடுகின்றனர். எவர் நெஞ்சிலும் தீய எண்ணம் இல்லை. எனினும் கேட்டவர் முன்னிலும் தனியராகிவிடுகிறார்.

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்குக் காரணமாகக் குறிக்கப்பெற்றது குடும்பச் சிக்கல். ஆகவே இப்பொருள் மருத்துவர்கள் மட்டும் பேசத்தக்கது அன்று. குடும்பங்கள் கூடியிருக்கும் அரங்கில் வெளிப்படையாகப் பேசத்தக்கது. நெருக்கடிக்கால மனநல ஆலோசனை என்பதற்கு வகுக்கப்பட்ட நெறிகள் உள்ளன. அந்நெறிகளுக்கு அடிப்படையாக ஓர் அறமும் உள்ளது. இரண்டையும் எளிமையாக எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

நெருக்கடி என்பது யாது?

ஒரு துன்ப நிகழ்ச்சி தானாகவே நெருக்கடி ஆகிவிடுவதில்லை. தேர்வில் தோல்வி, தொழிலில் இழப்பு, மணமுறிவு, எதிர்பாராத மரணம், கொடுநோய் பற்றிய செய்தி என எதுவாயினும், அதனை எதிர்கொள்ள ஒருவர் இதுகாறும் பழகிவைத்திருந்த வழிகள் யாவும் கைவிட்டுப்போகும் நிலையே நெருக்கடி எனப்படும். அந்நிலையில் உறக்கம் கெடுகிறது. சிறு முடிவும் எடுக்க இயலாமற் போகிறது. சிந்தனை ஒரே புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது. இது பித்து அன்று, கோழைத்தனமும் அன்று. தாங்கும் அளவுக்குமேல் சுமை ஏறிய எந்த மனத்துக்கும் நேரக்கூடியது.

இத்துறையின் தோற்றத்துக்கு ஒரு பெருந்துயர் காரணமாயிற்று. 1942 நவம்பர் 28ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ‘கோகனட் குரோவ்’ என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி 492 பேர் மாண்டனர். உயிர்தப்பியோரையும் உற்றாரை இழந்தோரையும் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கவனித்தவர் எரிக் லிண்டமன் என்னும் மனநல மருத்துவர். மூச்சுத் திணறல், பெருமூச்சு, இறந்தவரின் உருவம் கண்முன் நிற்றல், "நான்தான் காப்பாற்றாமல் விட்டேன்" என்னும் குற்றவுணர்வு, காரணமில்லாச் சினம் ஆகியவை துயருற்றோரிடம் பொதுவாகக் காணப்படுவதை அவர் 1944இல் எழுதி வெளியிட்டார். துயரத்தை வெளிப்படுத்த இடம் கிடைத்தோர் மெல்லத் தேறினர். அதனை அடக்கிக்கொண்டோர் சிலர் பின்னாளில் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அவரோடு பணியாற்றிய ஜெரால்டு கேப்லன், நெருக்கடி என்பது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் நீடிக்கும் இடைநிலை என்றும், அவ்வேளையில் கிடைக்கும் சிறு உதவியும் பெரும்பயன் தரும் என்றும் விளக்கினார். காலம் குறுகியது, ஆகவே உதவி விரைந்து வர வேண்டும். இதுவே இத்துறையின் முதற்கொள்கை.

இரண்டாம் நிகழ்ச்சி இங்கிலாந்தைச் சேர்ந்தது. 1935இல் சாடு வாரா என்னும் இளம் பாதிரியார் தம் முதல் இறுதிச்சடங்கை நடத்த நேர்ந்தது. இறந்தவள் ஒரு சிறுமி. தான் பூப்பெய்தியதை ஏதோ இழிநோய் என எண்ணி, எவரிடமும் கேட்க நாணி, உயிரை விட்டவள். ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க முடிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. 1953இல் இலண்டன் மாநகரில், மனமுடைந்தோர் தொலைபேசியில் அழைக்க ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். அங்கு வியப்பான ஒன்று நிகழ்ந்தது. அவரைக் காண வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் தந்து அருகமர்ந்து பேச்சுக்கேட்டவர்கள் சாதாரணத் தன்னார்வலர்கள். அவர்களிடம் பேசியதே போதும் என்று பலர் மனந்தேறித் திரும்பினர். விரைவிலேயே கேட்கும் பணியை அவர் அத்தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ என்னும் அமைப்பு இவ்வாறு வளர்ந்தது. சென்னையில் 1986இல் தொடங்கப்பெற்ற ‘சிநேகா’ அமைப்பும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டே இப்பணியைச் செய்துவருகிறது.

துணைநிற்போர்க்குரிய நெறிகள்

முதலாவது, பாதுகாப்பு. வந்தவர் இப்போது ஆபத்தில் இருக்கிறாரா, அவரால் பிறர்க்கு ஆபத்து உண்டா, அவரை எவரேனும் துன்புறுத்துகின்றனரா என்பதை முதலில் அறிய வேண்டும். பசியும் களைப்பும் குளிரும் தீராமல் எந்தப் பேச்சும் பயன் தராது. உலக நலவாழ்வு அமைப்பு 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு இதனை மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. சூழலைப் பார்த்தல், உள்ளத்தைக் கேட்டல், உரிய உதவியோடு இணைத்தல்.

இரண்டாவது, கேட்டல். கேட்டல் என்பது பதிலைத் தயாரித்துக்கொண்டே காத்திருப்பது அன்று. "இதெல்லாம் ஒரு துன்பமா? உலகில் எத்தனை பேர்..." எனத் தொடங்கும் ஒப்பீடு எவரையும் தேற்றியதில்லை. வந்தவர் அழுதால் அழுகைக்கு இடம் தர வேண்டும்; மௌனமானால் மௌனத்தோடு இருக்க வேண்டும். அதே வேளையில், பேச விரும்பாதவரைப் பேசவைக்கவும் கூடாது. பேரிடர் முடிந்தவுடன் பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் நடந்தது முழுவதையும் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவியிருந்தது. அம்முறை பிற்கால மனத்துயரைத் தடுப்பதில்லை, சிலர்க்கு அதனை மிகுவிக்கவும் செய்கிறது என ஆய்வுகள் காட்டியபின் அது கைவிடப்பட்டது. துயரின் கதவை உள்ளிருப்பவரே திறக்க வேண்டும்.

மூன்றாவது, நேரிடையாக வினவுதல். "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று கேட்பதற்கு அஞ்சுவோர் பலர். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடுமோ என்பது அவ்வச்சம். இது குறித்து நடந்த ஆய்வுகள் அவ்வாறு நிகழ்வதில்லை என்றே கூறுகின்றன. கேள்வி அமைதியாக, இகழ்ச்சியின்றி, அதிர்ச்சியின்றி வரும்போது, தனியே சுமந்த பாரத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்ததாகவே பலர் உணர்கின்றனர்.

நான்காவது, ஆபத்தான பொருள்களை அகற்றுதல். உயிரை மாய்க்கும் உந்துதல் பலர்க்குச் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதே வாழ்வையும் சாவையும் பிரித்துவிடுகிறது. இலங்கை அரசு மிகக்கொடிய பூச்சிக்கொல்லிகளை அடுத்தடுத்துத் தடை செய்தது. 1995க்குப் பின் இருபது ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. கடலூர் மாவட்டச் சிற்றூர்களில், உழவர்களின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டு, மக்கள் அதனை ஏற்றுக்கொண்டதும் பதிவாகியுள்ளது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நிலமும் உழவும் கொண்டு வாழும் குடும்பங்கள் இதனை இன்றே கருத வேண்டும். மருந்தைப் பூட்டிச் சாவியை வேறொருவர் வைத்துக்கொள்வது அவநம்பிக்கையாகாது, அது காவல்.

ஐந்தாவது, சத்தியம் வாங்காமல் திட்டம் வகுத்தல். "என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய், இனி அப்படி நினைக்க மாட்டேன் என்று சொல்" என வற்புறுத்துவது பல வீடுகளில் வழக்கம். இத்தகைய உறுதிமொழி உயிரைக் காக்கிறது என்பதற்குச் சான்றில்லை. மாறாக, மீண்டும் அவ்வெண்ணம் எழும்போது, சத்தியத்தை மீறிய குற்றவுணர்வால் அவர் அதனை வெளியிடாமலே இருந்துவிடுவார். அதற்கு ஈடாக, ஒரு தாளில் அவரே தம் கைப்பட எழுதத்தக்கவை சில உண்டு: மனம் சரியத் தொடங்குவதன் அறிகுறிகள் எவை? அப்போது தாமே செய்யக்கூடியது எது? எங்குச் சென்று யாருடன் இருந்தால் சற்று ஆறுதல்? யாரிடம் வாய்திறந்து உதவி கேட்கலாம்? எந்த மருத்துவரை, எந்த எண்ணை அழைப்பது? வீட்டில் எதனை அகற்றிவைப்பது? இதனைப் பாதுகாப்புத் திட்டம் என்பர்.

ஆறாவது, தொடர்தல். இதன் ஆற்றலை எடுத்துக்காட்டும் ஆய்வொன்று உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் சார்பில் பிரேசில், இந்தியா, இலங்கை, ஈரான், சீனா ஆகிய ஐந்து நாடுகளில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் அது நடத்தப்பெற்றது. இந்தியாவில் அது நடந்த இடம் சென்னை. ஒரு பகுதியினர்க்கு வழக்கமான மருத்துவம் அளிக்கப்பட்டது. மற்றொரு பகுதியினர்க்கு, அதனுடன் ஒரு மணி நேர விளக்கமும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் வினவுதலும் சேர்க்கப்பட்டன. 18 மாத இறுதியில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருள் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தனர். நலம் வினவப்பட்டோருள் 0.2 விழுக்காட்டினரே. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மறவாமல் கேட்டதற்கு அத்தனை மதிப்பு. மருத்துவமனையிலிருந்து வந்தவரைக் காண முதல் வாரம் ஊரே திரள்கிறது. மூன்றாம் மாதம் எவரும் வருவதில்லை. துணை தேவைப்படுவது அப்போதுதான்.

அறத்தின் எல்லைகள்

நெறிகளைக் கற்பது எளிது. அறத்தைக் காப்பது கடினம். ஏனெனில் நெருக்கடியில் இருப்பவர் தம் கவசம் முழுவதையும் இழந்து நிற்பவர். அவர்முன் அமர்பவரிடம் அளவற்ற அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. அவ்வதிகாரத்தைத் தம் விருப்பத்துக்குப் பயன்படுத்தாமையே இத்துறையின் அறம் முழுவதும்.

அதன் முதற்கூறு, வந்தவரின் தன்னுரிமையை மதித்தல். கணவனால் துன்புறும் பெண் ஒருத்தி வருகிறாள் என்க. "எப்படியாவது சேர்ந்து வாழ்" என்று அனுப்புவதும், "உடனே பிரிந்து வா" என்று தூண்டுவதும் ஒரே பிழையின் இருவடிவங்கள். அவளுக்குள்ள வழிகளையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பையும், ஒவ்வொரு வழியின் விளைவையும் தெளிவாக்குவது துணைநிற்பவர் கடமை. முடிவு அவளுடையது. குடும்பப் பெருமையைக் காக்கும் பொருட்டு அவள் உயிரைப் பணயம் வைக்க எவர்க்கும் உரிமையில்லை.

இரண்டாவது, மறைபொருள் காத்தல். சிறிய சமுதாயத்தில் இதுவே மிகக் கடினமானது. உதவி கேட்பவரும் உதவுபவரும் பெரும்பாலும் உறவினர். இல்லையேல் நாளைக்குச் சம்பந்தியாகக் கூடியவர். இன்று சொன்ன சொல் நாளை மணப்பேச்சில் தடையாக வந்து நிற்குமோ என்னும் அச்சத்தாலேயே எத்தனையோ வாய்கள் மூடிக்கிடக்கின்றன. "பெயரைச் சொல்லவில்லை, நிகழ்ச்சியை மட்டுமே சொன்னேன்" என்பது இங்குச் செல்லாது. நிகழ்ச்சியைச் சொன்னாலே ஊர் பெயரைக் கண்டுகொள்ளும். ஆகவே நெருங்கிய உறவினர், தாமே ஆலோசகராக அமராமல், வெளியிலுள்ள பயிற்சி பெற்றவரிடம் அழைத்துச் செல்வதே பெரும்பாலும் நன்று.

மறைபொருளுக்கும் ஓர் எல்லை உண்டு. 1969இல் கலிபோர்னியாவில், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக ஒருவர் தம் ஆலோசகரிடம் கூறினார். ஆலோசகர் காவலர்க்கு அறிவித்தார். அப்பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ எவரும் அறிவிக்கவில்லை. அவள் கொல்லப்பட்டாள். டாராசாஃப் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், பிறர் உயிர்க்கு ஆபத்து எழும்போது அவரைக் காக்கும் கடமை ஆலோசகர்க்கு உண்டு என 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மறைபொருளை நோயாளியின் உரிமையாக்கி, உயிர்க்கு ஆபத்து முதலிய சில நிலைகளில் மட்டும் விலக்கு அளிக்கிறது. குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளானது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரியது. வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் என்னும் பேச்சுக்கு அங்கு இடமே இல்லை.

எனவே துணைநிற்பவர் தொடக்கத்திலேயே இதனைக் கூறிவிட வேண்டும்: "நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், காப்பதற்கு வேண்டியவரிடம் மட்டும், வேண்டிய அளவு மட்டும் சொல்வேன். அதையும் உங்களுக்குச் சொல்லிவிட்டே செய்வேன்." எதையும் எவரிடமும் சொல்வதில்லை என முழு வாக்குறுதி தந்துவிட்டுப் பின் மீறுவது நம்பிக்கைத் துரோகம், வாக்கைக் காப்பதற்காக உயிரை விட்டுவிடுவது அதனினும் பெருங்கொடுமை.

மூன்றாவது, தம் கொள்கையைப் பிறர் துயரின்மேல் ஏற்றாமை. மகனை இழந்த தாயிடம், "எல்லாம் முன்வினை, அனுபவித்தே தீர வேண்டும்" என்று கூறுவோர் உண்டு. வினை பற்றிய தத்துவம் ஒருவர் தம் வாழ்வைத் தாமே சீர்தூக்கிப் பார்ப்பதற்கு உரியது; பிறர் துயர்க்குத் தீர்ப்பெழுதுவதற்கு உரியதன்று. அத்தாய் தானே வழிபாட்டிலும் நூலிலும் ஆறுதல் தேடினால் உடன் செல்வது துணை; அவள் கேளாதபோது உபதேசம் செய்வது சுமை. இன்னா செய்யாமை கைக்கு மட்டும் உரிய விரதமன்று, நாவுக்கும் உரியது.

நான்காவது, தம் எல்லை அறிதல். நல்ல மனம் மட்டும் மருத்துவம் ஆகாது. பல நாள் உறக்கமின்மை, இல்லாத குரல் கேட்டல், மது மயக்கம், உயிரை மாய்க்கும் திட்டம் ஆகியவை தென்பட்டால் மனநல மருத்துவரிடம் சேர்ப்பிப்பதே அறம். அதுவரை அவரைத் தனியே விடலாகாது. தற்கொலை முயற்சி என்றால் வழக்கு வருமே என்று மருத்துவமனைக்குச் செல்லத் தயங்கிய காலம் உண்டு. அவ்வச்சம் இனி வேண்டா. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மனவழுத்தத்துக்கு உள்ளானவராகவே கொண்டு, தண்டனையிலிருந்து விலக்கி, அவர்க்குப் பராமரிப்பு அளிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

ஐந்தாவது, துணைநிற்பவர் தம்மையும் காத்தல். பிறர் துயரை நாள்தோறும் கேட்பவர் மனமும் களைக்கும். காக்க இயலாமற் போன உயிரும் சில வேளை உண்டு. அப்போது தாமும் ஒருவரிடம் பேசுவது அவர்க்குரிய கடமையாகும்.

ஊர் செய்யத்தக்கது

இவையனைத்தும் தனியொருவரால் மட்டும் நிறைவேறா. ஒவ்வோர் ஊரிலும் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் உளவியல் முதலுதவிப் பயிற்சி பெறலாம். மண்டபச் சுவரில், சங்க அறிவிப்புகளின் நடுவே, சில எண்களை நிரந்தரமாக எழுதிவைக்கலாம்: மனநல உதவிக்கு ‘டெலி மானஸ்’ 14416, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104, குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181, உடனடி ஆபத்துக்கு 112. தேர்வு முடிவு வெளியாகும் நாளில், மதிப்பெண் எத்தனை என்று கேட்குமுன், சாப்பிட்டாயா என்று கேட்கும் வழக்கத்தைக் குடும்பங்கள் மேற்கொள்ளலாம். மனநல மருத்துவம் பெற்றவர் ஒருவரின் பெயர் மணப்பேச்சில் வரும்போது, ஏளனமாகப் பேசாதிருக்கப் பெரியோர்கள் உறுதி கொள்ளலாம். ஏளனம் ஒழிந்த ஊரில் வாய்திறப்பது எளிதாகும். வாய்திறப்பது எளிதான ஊரில் உயிர்கள் நிலைக்கும்.

இந்த அவையில் அமர்ந்திருப்போருள் எவரேனும் அத்தகைய பாரத்தை இப்போதே சுமந்துகொண்டிருக்கலாம். அவர்க்கு ஒரு சொல்: இந்நிலை நிலையானது அன்று; உதவி உண்டு; நம்பும் ஒருவரிடம் இன்றே சொல்லலாம். அவர் யாரிடம் வருகிறாரோ அவர்க்கும் ஒரு சொல்: அவர் தங்களைத் தேர்ந்து வந்தது தங்கள் அறிவுரைக்காக அன்று. கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு, அமர்ந்து, கேட்க வேண்டும்.